கோரைப்பல்லும் செப்புத்தகடும்

கூவாகத்துக் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைத் திருவிழா சாகை வார்த்தல் என்ற சடங்கோடு தொடங்குகிறது. 18 நாள் திருவிழா. பாரதப் போரின் நாள் கணக்கும் அதுதான். உளுந்தூர்பேட்டை வட்டத்துக்குள் இருக்கும் இந்தச் சிற்றூரை நாடே அறிந்திருப்பது ஓர் இரவால்தான். பௌர்ணமியன்று ஆயிரக்கணக்கான திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்ளும் இரவு அது. அந்தச் சடங்கோடு சேர்ந்தே நடக்கிற இன்னொன்றைச் செய்தித்தாள்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும்: சாமிக்குக் கண் திறப்பது. ஓவியத்தில் மனம் தோய்ந்தவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் அது. முகம் முழுக்க வண்ணம் ஏறிய பிறகும் கண் திறக்காதவரை அது ஒரு செய்பொருள். கண் திறந்ததும் அதற்கு உறவுகள் வந்துவிடுகின்றன. ஒருத்திக்குக் கணவன், ஒருத்திக்கு மகன், ஊருக்குச் சாமி.

இந்த முகத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கூத்தாண்டவர் என்று இங்கே வணங்கப்படுபவன் பாரதத்து அரவான். அரவான் தலைகள் ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் ஒரு சாடை எல்லாவற்றிலும் உண்டு. செந்நிற முகம். மேலேறிய மீசை. இமைப்பே அறியாத, வெளியே தள்ளிய கண்கள். நெற்றியில் நாமம். பெரிய காதுகளில் குண்டலம். உயர்ந்த கிரீடம், பல ஊர்களில் அதன் உச்சியில் படமெடுத்த நாகம். அப்புறம், வாயின் இரு ஓரத்திலும் வெளியே நீண்ட கோரைப்பல். நாமத்தையும் கோரைப்பல்லையும் ஒரே முகத்தில் வைக்க இந்த வட்டாரத்துக் கைகள் தயங்குவதில்லை. சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலிலும் ஓர் அரவான் தலை இருக்கிறது. கப்பலேறிப் போனவர்கள் இந்த முகத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கிரீடத்து நாகம் தாய்வழிச் சொத்து. வனவாசத்தின்போது கங்கையில் நீராட இறங்கிய அருச்சுனனை நீருக்கடியில் இழுத்துக்கொண்டு போனவள் உலூபி. நாகலோகத்து அரசகுமாரி. வியாச பாரதத்தின் பீஷ்ம பர்வம் அவளைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறது: அவள் ஏற்கெனவே கணவனை இழந்தவள், அந்தக் கணவனைக் கொன்றது கருடன். அருச்சுனனுக்கு அவளிடம் பிறந்த பிள்ளையான அரவான் பாதாளத்திலேயே தாயிடம் வளர்ந்து, பிறகு தகப்பனைத் தேடி மேலே போகிறான். போரின் எட்டாம் நாள் அலம்புசன் என்ற அரக்கனோடு பொருதும்போது, ஆதிசேடனைப் போல் பல படமுள்ள பெரும் நாகமாக உருவெடுக்கிறான். அவனைச் சுற்றி அவன் தாய்வீட்டுப் பாம்புகள் எல்லாம் திரண்டு நிற்கின்றன. அலம்புசன் உடனே கருட வடிவம் எடுத்து அந்தப் பாம்புகளைத் தின்று தீர்த்துவிட்டு, திகைத்து நின்றவனின் தலையை வெட்டுகிறான். கணவனை நிஜக் கருடனுக்குக் கொடுத்தவள் மகனைப் பொய்க் கருடனுக்குக் கொடுக்கிறாள். பாரதத்தில் இதைவிடக் கொடிய கட்டமைப்பு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டில் கதை வேறு வழியில் வளர்ந்தது. மூன்றாம் நந்திவர்மன் காலத்துப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே, ஒன்பதாம் நூற்றாண்டில், அரவான் களப்பலி வந்துவிடுகிறது. பாண்டவர் வெற்றிக்காகக் காளிக்குத் தன்னையே கொடுப்பவன் அவன். 32 லட்சணமும் உள்ளவன். போர் முழுவதையும் பார்க்க வேண்டும் என்று வரம் கேட்கிறான். வெட்டுண்ட தலை அதைப் பார்க்கிறது. மணம் முடிக்காமல் சாகக் கூடாது என்று கேட்கிறான். கண்ணன் மோகினியாக வந்து ஓர் இரவுக்கு மனைவியாகிறான். இந்த ஓர் இரவின் மேல்தான் கூவாகம் நிற்கிறது.

இப்படி ஒரு முகம் 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் செப்புத்தகட்டுக் கலைஞன் கையில் கிடைத்திருந்தால் அவன் என்ன வரைந்திருப்பான்? பரோக் காலம் என்று கலை வரலாறு சொல்லும் அந்த நூற்றாண்டு, பாதாளத்து உருவங்களை வரைவதில் இணையற்றது. அந்தக் கலையின் மேல் எனக்குத் தீராத பிரியம் உண்டு. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஜாக் காலோ என்ற லொரெய்ன் நாட்டுக் கலைஞர் புனித அந்தோணியாரின் சோதனையை இரண்டு முறை செதுக்கினார். இரண்டாவது, அவர் இறந்த 1635ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வானத்தை அடைத்துக்கொண்டு ஒரு மாபெரும் சிறகுள்ள பூதம் படுத்திருக்கிறது, சங்கிலியால் கட்டப்பட்டது. அதன் வாயிலிருந்து குட்டிப் பூதங்கள் கொட்டுகின்றன. கீழே நூற்றுக்கணக்கான உருவங்கள். பறவையும் பூச்சியும் மீனும் மனிதனும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தவை. பீரங்கியாகவே மாறிப்போய், வாயால் ஆயுதங்களைக் கக்கும் ஒரு மிருகம். துறவியோ ஓரத்தில் மிகச் சிறியவர். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இது எப்படிச் செய்யப்பட்டது என்பது முக்கியம். செப்புத்தகட்டின் மேல் ஒரு பூச்சு. அதை ஊசியால் கீறினால் கீறிய இடத்தில் மட்டும் செம்பு தெரியும். தகட்டை அமிலத்தில் வைத்தால் அந்த இடங்களை அமிலம் அரிக்கும். பள்ளத்தில் மை இறங்கும். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம். பழைய மென்மையான பூச்சுக்குப் பதிலாக, இசைக்கருவி செய்பவர்கள் பூசும் கெட்டி வார்னிஷைக் காலோ பயன்படுத்தினார். அது உதிராமல் நிற்கும் என்பதால் ஒரே தகட்டைத் திரும்பத் திரும்ப அமிலத்தில் இறக்கலாம். தூரத்து உருவங்களைச் சற்றே அரித்ததும் மூடிவிடலாம், முன்னால் நிற்பவற்றை இன்னும் ஆழமாக அரிக்க விடலாம். தாளில் வெளுப்பாகத் தெரியும் பூதம் குறைந்த நேரமும் கறுப்பாகத் தெரியும் பூதம் நிறைய நேரமும் அமிலத்தில் கிடந்தவை. அந்தப் பாதாளத்தின் ஆழம் நேரத்தால் ஆனது. உளியால் நேரடியாகச் செதுக்கும் முறையிலும் இருட்டு என்பது கோடுகளின் நெருக்கம்தான்; வெளிச்சமோ தாள் தானாகக் கொடுப்பது.

காலோவின் பூதங்கள் கற்பனையிலிருந்து மட்டும் வந்தவை அல்ல. 1633இல் பிரெஞ்சுப் படை அவருடைய நான்சி நகரைப் பிடித்தது. அதே ஆண்டு போரின் கொடுமைகள் பற்றிய தொடரை அவர் வெளியிட்டார். தூக்கு மரத்தில் கொத்தாகத் தொங்கும் மனிதர்களை அதில் செதுக்கியவர், இரண்டு ஆண்டுக்குப் பின் பீரங்கி வாய் கொண்ட மிருகத்தைச் செதுக்கினார். நம் ஊர்ப் பக்கம் புது முகத்தைப் பார்த்தால் பெரியவர்கள் முதலில் கேட்பது “யார் வீட்டுப் புள்ள நீ?” என்பதுதான். காலோவிடம் அந்தப் பூதங்களைக் காட்டி இதைக் கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்கும். அவை போரின் பிள்ளைகள். அவற்றின் பயங்கரம் பொய்யாகத் தோன்றாததற்கு அதுவே காரணம்.

அதே செம்பும் அதே மையும் நம் சாமிகளை வரையப் புகுந்தபோதுதான் அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனது.

தொடக்கம் பரோக் காலத்துக்கும் முந்தியது. இத்தாலியரான லுடோவிக்கோ டி வர்தேமா 1510இல் ரோமில் வெளியிட்ட பயணநூலில் கோழிக்கோட்டு அரசர் வழிபடும் சாமியை வர்ணித்தார். போப்பாண்டவருடையது போன்ற மூன்றடுக்குக் கிரீடம், நான்கு கொம்பு, நான்கு பல், கொக்கி போன்ற கை, சேவல் கால். சுற்றிலும் ஆன்மாக்களைத் தின்னும் சாத்தான்கள். 1515இல் ஆக்ஸ்பர்க் நகரில் வந்த ஜெர்மன் பதிப்புக்கு யோர்க் பிராய் மரச்செதுக்குப் படம் செய்தபோது, இந்த வர்ணனையை வைத்துக்கொண்டு தன் ஊர்த் தேவாலயச் சுவரில் பார்த்துப் பழகிய நரகத்துப் பிசாசை அப்படியே கோழிக்கோட்டில் உட்கார வைத்தார். அவர் இந்தியாவைப் பார்த்ததில்லை. அவர் கையிலிருந்த ஒரே அச்சு அதுதான். பார்த்தா மித்தர் 1977இல் வெளியிட்ட ஆய்வுநூல் இந்தக் கோழிக்கோட்டுப் பிசாசின் பயணத்தை விரிவாகத் தொடர்ந்து செல்கிறது. நூற்றாண்டுகளுக்கு அது சாகவில்லை. ஐரோப்பியப் பயணிகள் பலர் இங்கே வந்து நேரில் பார்த்த பிறகும், ஏற்கெனவே படத்தில் பார்த்ததையே பார்த்தார்கள். பல கைகளும் கோரைப்பல்லும் இருந்தால் அது நரகத்துக்குரியது என்ற முடிவு, கப்பல் ஏறும் முன்பே அவர்கள் கண்ணில் பதிந்துவிட்டிருந்தது.

ஆனால் எல்லாரையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. பழவேற்காட்டில் டச்சுப் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரொஜேரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினார். அவர் இறந்தபின் 1651இல் அந்த நூல் லெய்டனில் வந்தது. யாழ்ப்பாணத்தில் 1658 முதல் பணிபுரிந்த பிலிப்புஸ் பால்டேயுஸ் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பெருநூலில் திருமாலின் பத்து அவதாரங்களும் செப்புத்தகட்டுப் படங்களாக இருக்கின்றன. மச்சாவதாரப் படத்தில் மீனின் வாயிலிருந்து இடுப்பளவு வெளிப்பட்டு நிற்கிறார் பெருமாள். கடலடியில் வேதங்களை ஒளித்த அசுரன் சங்குக்குள்ளிருந்து எழுகிறான். இது நரகக் காட்சியாக இல்லை. கதை தெரிந்த எவரும் ஒரு நொடியில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

காரணம், அந்தப் படங்களுக்குப் பின்னால் ஓர் இந்தியக் கை இருந்தது. லெய்டன் ஓவியர் பிலிப்ஸ் ஆங்கல், பாரசீக மன்னர் இரண்டாம் ஷா அப்பாஸின் அரசவையில் ஓவியராக இருந்தவர், 1658இல் பத்து அவதாரங்களைப் பற்றி ஒரு கையெழுத்துப் படியைத் தயாரித்தார். அதில் இருந்தவை இந்தியச் சித்திரங்கள். பால்டேயுஸ் அந்தப் படியிலிருந்து ஆங்கலின் பெயரைச் சொல்லாமலே எடுத்துக்கொண்டார். இந்திய ஓவியரின் பெயரோ ஆங்கலிடமே இல்லை. பெயர் போய்விட்டது, கோடு மட்டும் பிழைத்தது. செதுக்கியவன் நிழலையும் தசைத் திரட்சியையும் ஐரோப்பிய முறையில் சேர்த்திருக்கிறான். ஆனாலும் அசுரன் சங்கிலிருந்து எழும் விதம், பெருமாளின் கைகள் விரியும் வரிசை, இவை நம்மவருடையவை. 1723 முதல் ஆம்ஸ்டர்டாமில் பெர்னார் பிக்கார் படங்களோடு வெளிவந்த உலகச் சமயச் சடங்குகள் தொகுதிகளிலும் அவதாரங்கள் மறுபடி செதுக்கப்பட்டன. நகலின் நகலிலும் அந்தச் சாடை முழுக்க அழிந்துவிடவில்லை.

இதே வாதத்துக்கு இன்னும் வலுவான சாட்சி ரெம்பிராண்ட். முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து அவர் மையால் வரைந்த படங்கள் இருபதுக்கும் மேல் எஞ்சியிருக்கின்றன. ஆசியாவிலிருந்து கப்பலில் வந்த விலையுயர்ந்த தாளில், தன் வழக்கமான வேகத்தை அடக்கிக்கொண்டு, மெல்லிய கோட்டில் ஷாஜகானின் பக்கவாட்டு முகத்தை வரைந்திருக்கிறார். மரத்தடியில் நான்கு பெரியவர்கள் அமர்ந்திருக்கும் ஒரு முகலாயப் படத்தை நகலெடுத்தார். 1656இல் ஆபிரகாம் தேவதூதர்களுக்கு விருந்து வைக்கும் காட்சியைச் செப்பில் செதுக்கியபோது அந்த அமர்வை அதிலே கொண்டுவந்து வைத்தார். இந்தியாவுக்கு அவரும் வந்ததில்லை. பிராயும் வந்ததில்லை. ஒருவர் இன்னொருவன் சொன்னதை வைத்துத் தன் பயத்தை வரைந்தார். மற்றவர் இன்னொரு ஓவியனின் கையை நம்பி அதன் பின்னாலேயே தன் கையைக் கொண்டுபோனார்.

நம் பாதாளம் எப்படிப்பட்டது என்று அந்தச் செதுக்காளர்களுக்குச் சொல்ல யாருமில்லை. அதலம் முதல் பாதாளம் வரை ஏழு கீழுலகங்கள். விஷ்ணு புராணத்தில் நாரதர் அங்கே போய்த் திரும்பி, இந்திரலோகத்தைவிட அழகானது என்கிறார். சூரியன் சுடாத வெளிச்சம், நாகங்களின் தலைமணி. சுதலத்தில் மாவலி ஆள்கிறான். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், நடுப்பிளவில், பல படமுள்ள நாகராசன் கைகூப்பியபடி மேலேறி வருகிறான். அவனுக்குக் கீழே நாகினி. பாறையின் பிளவைப் பாதாளத்துக்கு வாசலாகக் கண்ட சிற்பி, அந்த வாசலில் வணக்கத்தை வைத்திருக்கிறான். மணிமேகலையில் சோழன் பிள்ளையைப் பெறுபவள் நாகநாட்டுப் பீலிவளை. பல்லவர்கள் தங்கள் செப்பேட்டில், முன்னோன் ஒருவன் நாக இளவரசியை மணந்து அரசுரிமை பெற்றான் என்று பெருமையாகவே எழுதிக்கொண்டார்கள். தமிழ்நிலத்து அரசர்களுக்குப் பாதாளம் பெண் எடுத்த வீடு.

நமக்கும் நரகம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. கருட புராணத்துத் தண்டனைகள், எண்ணெய்க் கொப்பரை, எமதூதர்கள், இவற்றை வண்ணப்படமாக அச்சிட்டுச் சுவரில் மாட்டிய வீடுகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. அவை குழந்தைகளைப் பயமுறுத்தத்தான் செய்தன. ஆனால் எமனின் இடம் வேறு, நாகர்களின் இடம் வேறு. பரோக் ஐரோப்பாவில் இரண்டுக்கும் ஒரே குழிதான் இருந்தது. பாம்பு, கொம்பு, கோரைப்பல், நெருப்பு எல்லாம் அதற்குள் விழுந்தன.

இதை எழுதும்போது கூவாகத்துக் கேமராக்கள் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. தாலி கட்டிய மறுநாள் தேர். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து அரவானின் புஜமும் மார்பும் கைகால்களும் வந்து சேர்ந்து, தேரின் மேல் ஓர் ஆள் முழுதாக எழுகிறான். அழிகளம் போய்ச் சேரும்போது அந்த உடல் களத்துக்குக் கொடுக்கப்படுகிறது. திருநங்கைகள் ஒப்பாரி வைக்கிறார்கள். தாலி அறுபடுகிறது, வளையல் உடைகிறது, வெள்ளைச் சேலை வருகிறது. அந்த நேரத்தில் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் லென்ஸைக் கொண்டுபோய் எடுத்த படங்கள் ஆண்டுதோறும் குவிகின்றன. கலைந்த பொட்டு, திறந்த வாய், வழியும் மை. பெயர் இல்லை, ஊர் இல்லை. விசித்திரம் பார்க்க வந்தவன் விசித்திரத்தை எடுத்துக்கொண்டு போகிறான். நல்ல புகைப்படக்காரர்கள் இல்லாமல் இல்லை. பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து, பழகி, உட்கார்ந்து பேசி எடுத்தவர்களின் படங்கள் தனியாகத் தெரியும். மற்றவை கோழிக்கோட்டுப் பிசாசின் வம்சம். 500 ஆண்டுகளில் கருவி மாறியிருக்கிறது, பார்வை மாறவில்லை.

அங்கே அழுகிறவர்கள் யாருக்காக அழுகிறார்கள் என்பதை யோசித்தால் அந்தப் படங்களின் கொடுமை இன்னும் உறைக்கும். மகனுக்காக அழ உலூபி களத்தில் இல்லை. வியாசர் அவளைப் பிற்பாடு அசுவமேத பர்வத்தில்தான் மறுபடி கொண்டுவருகிறார். பாரதம் அந்தத் தாய்க்குக் கொடுக்காத ஒப்பாரியை, வீட்டை விட்டு விரட்டப்பட்ட பிள்ளைகள் பலர் வந்து கூவாகத்தில் வைக்கிறார்கள். கைம்பெண் ஒருத்தியின் மகனுக்காகக் கைம்மை ஏற்கிறார்கள். இதை ஓர் ஓவியன் வரைய வேண்டுமானால் காலோவின் திறமை போதாது. பெயர் தெரியாமல் போன அந்த அவதாரச் சித்திரக்காரனின் இடத்தில், கதைக்கு உள்ளே நிற்க வேண்டும்.

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. செதுக்கோவியம் பயிலும் மாணவர்கள் அங்கே அமிலத்தில் தகடு இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கோரிக்கை. உளுந்தூர்பேட்டையை நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியாகக் கடந்துபோகாமல் ஒருமுறை இறங்குங்கள். கூவாகத்திலும், சிதம்பரம் பக்கம் கொத்தட்டையிலும், கோவை சிங்காநல்லூரிலும் உள்ள அரவான் தலைகளை, வண்ணம் புதுப்பிக்கும் கைகளின் பக்கத்தில் உட்கார்ந்து, மையால் வரையுங்கள். மீசை எங்கே தொடங்குகிறது, கோரைப்பல் எந்தக் கோணத்தில் இறங்குகிறது, கண்ணை யார் திறக்கிறார்கள் என்பதைக் கேட்டு எழுதுங்கள். அந்தப் படங்களைச் செப்பில் செதுக்கி, ஒவ்வொன்றின் கீழும் தலைக்கு வண்ணம் தீட்டியவரின் பெயரையும் ஊரையும் அச்சிடுங்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாம் அச்சுக்கூடங்கள் செய்யாமல் விட்ட வேலை அது. செய்ய வேண்டியவர்கள் நாம்.